பந்து உதைக்காத இறுதியாட்டம்

அண்ணையோடு நான் முகம் கொடுத்துக் கதைப்பதில்லை. தொண்ணூற்றைந்தில், சண்டை நெருங்கி, யாழ்ப்பாணமே மூட்டை முடிச்சோடு நாவற்குழிப் பாலத்தைத் தாண்டி நடந்தபோதுகூட என் சாமான் சாக்கு அவன் சைக்கிள் கரியரில் இருந்தது, நான் பின்னால் நடந்தேன், விடியும்வரை ஒரு வார்த்தை இல்லை. குருநகர்ப் பக்கத்து ஆட்கள் யாரைக் கேட்டாலும் காரணம் சொல்லுவார்கள்: அந்தப் பந்தடி. இறுதியாட்டத்துக்கு எங்கள் கழகத்தின் தலைவனாகப் போய், பந்தை உதைக்காமல் பதினொரு பேரையும் மைதானத்தின் நடுவில் குந்தவைத்தவன் என் அண்ணை. அதற்காக ஊரே பார்த்திருக்க அவன் முகத்தில் மணலை அள்ளி எறிந்தவள் நான். ஊர் சொல்வதில் பிழையில்லை. ஆனால் ஊருக்குப் பாதிதான் தெரியும்.

மூத்தவனை 'அவன்' என்று எழுதுகிறேனே என்று முகம் சுளிக்க வேண்டாம். எங்கள் வீட்டில் அப்படித்தான். "உவள் ஆர் இதைக் கதைக்க?" என்று ஒருவரும் கேட்கக்கூடாது என்பதற்காக என்னைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். நான் குருநகரில் பிறந்து குருநகரிலேயே கலியாணம் கட்டினவள். விடியப் பஸ் ஏறிச் சுன்னாகம் சந்தைக்கு மீன் கொண்டுபோய் விற்றவள். எனக்கு வாய் பெரிது என்பார்கள். வாய் சின்னதாக இருந்திருந்தால் சுன்னாகத்தில் ஒரு சூடை மீனைக்கூட விற்றிருக்க மாட்டேன்.

சந்தையில் எனக்குப் பக்கத்தில் நீர்வேலியில் இருந்து வாழைக்குலை கொண்டுவரும் ஒருவர் இருந்தார். அவர்களுடைய ஊர்க் கழகத்துக்குக் காசு போடுகிற காப்பாளரும் அவர்தான். இரண்டு வருஷமாக இறுதியாட்டத்தில் எங்களை வென்றவர்கள் அவர்கள். அந்த இரண்டு வருஷமும் அந்த மனுசனிடம் நான் பட்ட பாடு கொஞ்சமல்ல. நான் மீன் கடகத்தை இறக்கிவைக்கும் முன்பே தொடங்கிவிடுவார்.

"என்ன பிள்ளை, இந்த முறையும் உங்கடை பெடியள் எங்களுக்குக் கோப்பை தூக்கித் தரத்தான் வருவினமோ?"

"குலை வெட்டுற கத்தியாலை உங்கடை நாக்கை ஒரு நாளைக்கு வெட்டுறன், இருந்து பாருங்கோ," என்பேன் நான். சந்தை சிரிக்கும். நானும் சிரிப்பேன். உள்ளுக்குள் கொதி கொதியென்று கொதிக்கும்.

எங்கள் ஆட்களுக்குப் பந்தடி என்றால் விசர். சனிக்கிழமைகளில் கரைக்கு வரும் ஒவ்வொரு வள்ளமும் ஒரு நல்ல மீனைக் கழகத்துக்கென்று ஒதுக்கிப் போடும். அதை ஏலம் கூறித்தான் பந்தும் சப்பாத்தும் வாங்குவது. ஆகையால் விளையாடுகிறவன் பிழைவிட்டால் கரையில் நிற்கிற எவருக்கும் அவனைத் திட்ட உரிமை உண்டு. 'என்ரை மீனைத் திண்டுபோட்டு உப்பிடியோடா உதைக்கிறாய்' என்று கேட்கலாம், கேட்பார்கள்.

என் மனுசனுக்கு அந்த விசர் எல்லாரையும்விடக் கூட. அவருக்கு விளையாடத் தெரியாது. பந்தைக் கண்டால் கால் இரண்டும் பின்னிக்கொள்ளும். அவர் வேலை மற்றப் பக்கத்தாரின் கோலுக்குப் பின்னால் நின்று மண்ணெண்ணெய்த் தகரம் அடிப்பது. அடித்துக்கொண்டே கோல் காக்கிறவனை ஏசுவது. "டேய், உன்ரை காலுக்குள்ளாலை மாட்டுவண்டில் போகுமடா!" என்று அவர் கத்தினால் அந்தப் பெடியன் குனிந்து தன் காலைப் பார்ப்பான், அந்த நேரம் பந்து உள்ளே போகும். அண்ணை தலைவன், என் மனுசன் தகரக்காரன். எங்கள் வீட்டில் சமைக்கும்போதும் பந்தடிதான், செபமாலை முடிந்த கையோடும் பந்தடிதான்.

நான் சொல்வது எண்பத்தைந்தோ எண்பத்தாறோ. அரசாங்கம் கடலுக்குப் போகத் தடை போட்டிருந்த காலம். தடை என்றால் பசி. அதனால் எங்கள் ஆட்கள் கரையை ஒட்டி, களவாகப் போவதுபோலப் போய்வந்தார்கள். இறுதியாட்டத்துக்கு ஐந்து கிழமைக்கு முன் என் மனுசனும் தனி வள்ளத்தில் நண்டு வலை எடுக்கப் போனார். தூரத்தில் நேவியின் காவல்படகு ஒன்று அவருக்குக் கிட்டப் போனதைக் கண்டவர்கள் உண்டு. அதன்பிறகு கண்டது வெறும் வள்ளத்தை மட்டும்தான். அடுத்த நாள் அது மண்டைதீவுப் பக்கம் ஒதுங்கிக் கிடந்தது. கேட்க வேண்டிய இடமெல்லாம் கேட்டோம். கோயில் சுவாமியாரும் போய்க் கேட்டார். அப்படி ஒருவரும் எங்களிடம் இல்லை என்ற பதில்தான் எல்லா இடமும்.

நான் அழவில்லை. அழுதால் அவர் இல்லை என்று ஒத்துக்கொண்டதாகிவிடும். வீட்டுக்கு வந்து கையைப் பிடித்து அழப் பார்த்த சனத்தை எல்லாம் வாசலிலேயே ஏசித் துரத்தினேன். "அவர் பிடிபட்டிருக்கிறார். வருவார். உங்கடை கண்ணீரை உங்கடை வீட்டிலை கொண்டுபோய் வையுங்கோ," என்றேன். அந்தோனியாரிடம் மட்டும் ஒரு பேரம் பேசினேன். இந்த முறை கோப்பை எங்களுக்கு வந்தால் அவர் உயிரோடு இருக்கிறார் என்று எடுத்துக்கொள்வேன் என்று சொல்லி மெழுகுதிரி கொளுத்தினேன். சிரிக்கிறவர்கள் சிரியுங்கள். வேறு எந்தப் பக்கத்தாலும் ஒரு சேதியும் வராதபோது மனுசர் எதிலாவது போய்த் தொங்கத்தான் வேண்டும். நான் பந்தில் தொங்கினேன்.

அண்ணையிடம் இதைச் சொன்னேன். "இந்த முறை வெல்லவேணும், கேட்டியோ? எனக்கு வேணும்." அவன் என்னை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டு, "ஓம் பிள்ளை," என்றான். அந்த நேரமே அவன் மனதில் வேறு யோசனை இருந்திருக்கிறது. சொல்லவில்லை, பாழ்படுவான்.

எங்கள் மைதானத்தின் ஒரு பக்கம் றோட்டு, மற்றப் பக்கம் மணலும் கடலும். றோட்டுப் பக்கத்தில் பந்தல் போட்டு, பிரதம விருந்தினராக வந்த பெரிய அரசாங்க உத்தியோகத்தர் ஒருவரை மாலையோடு இருத்தியிருந்தார்கள். கடற்பக்கம் எங்கள் சனம், ஆணும் பெண்ணும் குஞ்சு குருமானும். நீர்வேலி ஆட்கள் லொறிகளிலும் சைக்கிள்களிலும் வந்து கோலுக்குப் பின்னால் நின்றார்கள். வாழைக்குலைக்காரர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு முன்வரிசையில் நின்றார். நான் என் மனுசனின் தகரத்தைக் கொண்டுபோயிருந்தேன். பெண் பிள்ளை தகரம் அடிக்கிறாள் என்று பார்த்தவர்களை நான் திருப்பிப் பார்த்த பார்வையில் அவர்கள் கழுத்தைத் திருப்பிக்கொண்டார்கள். மாரியில் முளைத்த புல்லெல்லாம் காய்ந்து, நிலம் உதைப்பதற்கு நல்ல இறுக்கமாக இருந்தது.

இனி நடந்ததை விளங்கிக்கொள்ள எங்கள் கரையின் ஒரு வழக்கத்தைச் சொல்லவேண்டும். கடலில் போனவனின் உடல் கண்ணில் பட்டுவிட்டால், அதை ஒருவரும் வாயால் சொல்லிக்கொண்டு வரமாட்டார்கள். கரையில் நிற்கிற ஆண்கள் தோளில் கிடக்கும் துண்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, கடலைப் பார்த்தபடி ஒரே வரிசையாக மணலில் குந்தியிருப்பார்கள். யாராவது ஒருவர் வீட்டிலிருந்து வெள்ளைத் துணி கொண்டுவந்து பின்னால் நிற்பார். அவ்வளவுதான். அதைக் கண்ட பெண்களுக்கு விளங்கும். சொந்தக்காரி கொண்டையை அவிழ்த்துப் போட்டுத் தண்ணீருக்கு ஓடுவாள்.

மத்தியஸ்தர் விசில் ஊதினார். முதல் உதை எங்களுடையது. நான் தகரத்தில் அடி போட்டேன். அண்ணை பந்தின்மேல் காலை வைத்தான். உதைக்கவில்லை. குனிந்து பந்தை எடுத்து ஓரமாக வைத்தான். பிறகு போட்டிருந்த பெனியனைக் கழற்றினான். பதினொரு பேரும் கழற்றினார்கள். பந்தலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஒரே வரிசையில் நிலத்தில் குந்தியிருந்து, கழற்றிய பெனியனை மடித்து மடியில் வைத்தார்கள். பந்தலுக்கு முதுகைக் காட்டினால் முகம் எந்தப் பக்கம் இருக்கும்? எங்களைத் தாண்டிக் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மாற்று ஆட்டக்காரர் இரண்டு பேர் ஓடிவந்து அவர்களுக்குப் பின்னால் ஒரு வெள்ளைத் துணியை விரித்துப் பிடித்தார்கள்.

அந்தத் துணியில் எழுத்து இருந்தது. 'கடல் தடையை எடு, பிடித்தவர்களை விடு' என்று கொட்டை எழுத்தில் எழுதியிருந்ததாம். எழுத்து பந்தல் பக்கம். எங்கள் பக்கம் வெறும் வெள்ளை.

கடற்கரையில் பிறந்து வளர்ந்த பதினொரு மடையன்களில் ஒருவனுக்காவது, இது எங்கள் சனத்தின் கண்ணுக்கு என்னவாகத் தெரியும் என்ற யோசனை வரவில்லை. பெரிய மனுசனுக்கு முதுகைக் காட்டவேண்டும் என்ற ஒரே நினைப்பு. முன்னால் நிற்கிற எங்களுக்கு முகத்தைக் காட்டுகிறோமே என்ற நினைப்பு இல்லை.

எனக்குப் பக்கத்தில் நின்ற கிழவி ஒருத்தி, "ஐயோ, என்ரை கடவுளே, கண்டிட்டாங்கள்!" என்றாள்.

அதுவரை நான் பார்த்துக்கொண்டு மட்டும்தான் நின்றேன். கிழவியின் வாயில் இருந்து அந்தச் சொல் விழுந்ததும் என் கை தகரத்தை விட்டது. கை தானாகப் போய்க் கொண்டை ஊசியைப் பிடுங்கி எறிந்தது. தலைமயிர் முதுகில் விழுந்ததும் நான் ஓடத் தொடங்கியிருந்தேன். என்னைக் கண்டு மற்றப் பெண்களும் குழறிக்கொண்டு ஓடினார்கள். எங்கள் கரையில் கடலுக்குப் போய் வராதவர்கள் வேறும் இருந்தார்கள்தானே. நீர்வேலி ஆட்கள் நாங்கள் ஓடுவதைப் பார்த்து வெடி விழப்போகிறது என்று நினைத்து லொறிகளுக்கு ஓடினார்கள். யாரோ ஒரு வீணாய்ப்போனவன் "ஹெலி வருகுது!" என்று கத்திவிட்டான். பந்தலும் சரிந்தது.

கரையில் ஒன்றுமில்லை. கவிழ்த்துவைத்த வள்ளங்கள், காயப்போட்ட வலை, ஒரு நாய். நான் இடுப்பளவு தண்ணீருக்குள் போய்விட்டேன். கலியாணம் கட்டிய நாளிலிருந்து ஒருநாளும் வாயால் சொல்லாத அவருடைய பெயரைச் சொல்லிக் கத்தினேன். யாரோ பின்னால் ஓடிவந்து, "ஒண்டுமில்லை, ஒண்டுமில்லை, பெடியள் எதிர்ப்புக் காட்டினவங்கள்," என்றார்கள். எதிர்ப்பா? எனக்கு முதலில் அந்தச் சொல்லே விளங்கவில்லை.

விளங்கியதும் நனைந்த சீலையோடு திரும்பி நடந்தேன். அண்ணை மைதானத்தின் ஓரத்துக்கு வந்து நின்றான். அவன் கையில் என் கொண்டை ஊசி இருந்தது. மணலில் இருந்து பொறுக்கியிருக்கிறான். அதை நீட்டிக்கொண்டு, "பிள்ளை, நாங்கள் மச்சானை விடச்சொல்லித்தான்…" என்று தொடங்கினான்.

"என்ரை மனுசனை ஊருக்கு முன்னாலை சாக்காட்டிப்போட்டியேடா, நாசமாப் போவானே!" என்று இரண்டு கையாலும் மணலை அள்ளி அவன் முகத்தில் எறிந்தேன். அவன் கண்ணைத் துடைக்காமல் நின்றான். நான் எறிந்தது மணல். மற்றவர்கள் எறிந்தது கல். எங்கள் சொந்தச் சனம், அவனைத் தோளில் தூக்கிக்கொண்டு திரிந்த சனம், அன்றைக்குக் கழகக் கொட்டிலின் கிடுகைப் பிடுங்கி எறிந்தது. பந்து பார்க்க வந்தவர்களுக்குச் சாவீடு காட்டினார்கள் என்று ஏசியது. மத்தியஸ்தர் விதிப்படி பார்த்திருந்துவிட்டு, கோப்பையை நீர்வேலிக்குக் கொடுத்தார். வாங்கும்போது கைதட்ட ஒருவரும் இல்லை.

அந்தச் சனிக்கிழமை ஒரு வள்ளமும் கழகத்துக்கு மீன் போடவில்லை. அடுத்த சனியும் இல்லை. கோயில் வாசலில் வலைக்காரர் ஒருவர் அண்ணையை மறித்து எல்லாருக்கும் கேட்கச் சொன்னார்: "கடலிலை அவங்கள் தடை போட்டாங்கள். கரையிலை எங்களுக்கு இருந்தது இந்த ஒரு பந்தடி. அதுக்கு நீ தடை போட்டிட்டாய்." அண்ணை தலையைக் குனிந்துகொண்டு போனான். துணிவான வேலை, நல்ல வேலை என்று புகழ்ந்தவர்களும் இருந்தார்கள். அவர்களில் பாதிப்பேர் எங்கள் மைதானத்தை ஒருநாளும் எட்டிப் பார்க்காதவர்கள். இரண்டு வருஷம் தோற்றுப்போய் மழையில் நனைந்து வீட்டுக்கு நடந்தவர்களுக்குத்தான் தெரியும், அன்று எங்களிடமிருந்து என்ன பறிபோனது என்று.

சுன்னாகத்தில் வாழைக்குலைக்காரர் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு இருந்தார். பகிடி இல்லை. அது பகிடியைவிடப் பொல்லாததாக இருந்தது. மூன்றாம் நாள் என்னால் பொறுக்க முடியவில்லை.

"என்ன, கோப்பை கிடைச்ச புழுகத்திலை வாய் அடைச்சுப்போச்சோ?" என்றேன்.

"எந்தக் கோப்பை?" என்றார் திரும்பாமலே. "உங்கடை ஆக்கள் துப்பிவிட்டதை எங்கடை பெடியள் எடுத்துக்கொண்டு வந்தவங்கள் எண்டு ஊரிலை கேவலமாக் கதைக்கினம். ஒருதரும் அதைத் தொடுறதில்லை. நாங்களும் உதைச்சு வெல்லத்தானே வந்தனாங்கள்? எங்களை ஆர் கேட்டது?"

எதிரிக்காகக் கவலைப்படுகிற நிலைக்கு என்னைக் கொண்டுவந்துவிட்டானே என்று அதற்கும் சேர்த்து அண்ணையைத் திட்டினேன்.

இறுதியாட்டம் முடிந்து ஆறாம் கிழமை, ஒரு மத்தியானம், படலையடியில் ஒரு ஆள் வந்து நின்றது. உடம்பில் வேறு யாருடையதோ சேட்டு. கன்னம் இரண்டும் ஒட்டிப்போய் இருந்தது. மீன் வெட்டிக்கொண்டிருந்த நான் பிச்சைக்கு வந்தவராக்கும் என்று நினைத்து, "இண்டைக்கு ஒண்டுமில்லை, போட்டு வாங்கோ," என்றேன்.

"எனக்கும் இல்லையோ?" என்று கேட்டார் என் மனுசன்.

அவரை ஏன் விட்டார்கள் என்று ஒருவருக்கும் தெரியாது. மைதானத்தில் குந்தியிருந்ததைப் பற்றிப் பேப்பரில் வந்ததால்தான் விட்டார்கள் என்று சிலர் சொன்னார்கள். இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். அண்ணை ஒருநாளும் அப்படிச் சொல்லவில்லை. அதுவா காரணம் என்று அறிய நான் விரும்பவுமில்லை.

ஒரு செம்பு தண்ணீரையும் மூச்சு விடாமல் குடித்துவிட்டு அவர் கேட்ட முதல் கேள்வி: "பந்தடி என்ன மாதிரி? எத்தனைக்கு எத்தனை?"

நான் வாயைத் திறக்கும் முன்பே அவர் தொடர்ந்தார். "எனக்கு நாள் கணக்கு ஓரளவு தெரியும். அண்டைக்கு உள்ளுக்கை இருந்து சுவரிலை விரலாலை தகரம் அடிச்சனான். முழு ஆட்டமும் அடிச்சனான். பிறகும் ஒவ்வொரு நாளும் முதலிலை இருந்து ஆடிப் பாப்பன். அதாலைதான் எனக்கு விசர் பிடிக்கேல்லை. நீ சொல்லு, வெண்டதோ?"

நீங்களாக இருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள்? "ரெண்டுக்கு ஒண்டு," என்றேன். "நாங்கள்தான்."

அவர் கண்ணை மூடிக்கொண்டு சிரித்தார். "ஆர் போட்டது?"

"முதலாவது அண்ணை. தலையாலை."

"உவனோ? தலையாலையோ?" என்று அவர் கண்ணைத் திறந்தார். பிறகு நம்பினார். நம்ப ஆசையாக இருந்தது அவருக்கு. பார்க்க வந்த சனத்துக்கெல்லாம் அவருக்குப் பின்னால் நின்று வாயில் விரல் வைத்துக் காட்டினேன். அவர் "ரெண்டுக்கு ஒண்டு!" என்று சொல்லச் சொல்ல வந்தவர்கள் அழுதார்கள். சந்தோசத்தில் அழுகிறார்கள் என்று அவர் நினைத்தார்.

அடுத்த நாள் காலை புட்டைச் சாப்பிட்டுவிட்டு, "வா, கோப்பையைப் பாப்பம்," என்றார்.

என்னுடைய இந்த மூளைக்கு அது தோன்றவே இல்லை. அவர் பந்து விசரன், கோப்பையைத் தொட்டுப் பார்க்காமல் விடுவாரா? கால் வீக்கம் வத்தட்டும், நான் எடுப்பித்துத் தருகிறேன் என்று சொல்லி அவரைப் பாயில் இருத்திவிட்டு ஓடினேன். எங்கே? வேறெங்கே, ஆறு கிழமையாகக் கதைக்காத அந்தப் பாழ்படுவானிடம்தான்.

அண்ணை வீட்டு முற்றத்தில் குந்தியிருந்து கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தான்.

"அவர் வந்திட்டார், தெரியும்தானே?" என்றேன்.

"தெரியும். நீ கூப்பிடுவாய் எண்டு பாத்துக்கொண்டிருக்கிறன்," என்றான். எனக்கு அது சுட்டது. காட்டிக்கொள்ளவில்லை.

"கோப்பை வேணும். நாங்கள் வெண்டதெண்டு சொல்லிப்போட்டன். ரெண்டுக்கு ஒண்டு. முதலாவது நீ போட்டனி, தலையாலை."

அவன் வலை ஊசியைக் கீழே வைத்தான். "என்ரை சீவியத்திலை நான் தலையாலை ஒண்டும் போட்டதில்லை."

"வாயிலை வந்ததைச் சொன்னனான். அதையும் உன்னட்டைக் கேட்டோ சொல்லவேணும்?"

"நீர்வேலியார் உனக்குப் பக்கத்திலைதானே இருக்கிறார். நீ கேள்."

"நான் செத்தாலும் கேக்கன்."

அவன் எழும்பிச் சைக்கிளை எடுத்தான். "கோப்பையைக் கொண்டுவாறன். ஆனால் பொய் சொல்லமாட்டன் பிள்ளை. மச்சான் கேக்காட்டில் வாய் திறக்கன். கேட்டால் உள்ளதைச் சொல்லுவன். நான் அண்டைக்குக் குந்தியிருந்தது மறைக்கிறதுக்கில்லை."

பின்னேரம் வந்தான். சாக்குக்குள் வாழைச்சருகு சுற்றி இருந்தது கோப்பை. குலை பழுக்கவைக்கிற அறையில் மூலைக்குள் கிடந்ததாம். "திருப்பிக் கொண்டுவந்திடாதை எண்டு சொல்லித்தான் தந்தவர்," என்றான் என் காதுக்குள். என் மனுசன் அதை மடியில் வைத்து, உடுத்திருந்த சாரத்தால் துடைத்தார். தகரம் அடிக்கிற விரலால் அதன் பக்கத்தில் தட்டிப் பார்த்தார். அண்ணை அவருக்கு முன்னால் சப்பாணி கட்டி இருந்தான். நான் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அவர் கோப்பையை மெல்லத் திருப்பினார். ஒவ்வொரு வருஷமும் வென்றவர்களின் பெயர் கீழே வெட்டியிருந்தது. கடைசி இரண்டும் நீர்வேலி. அதற்குக் கீழே வெறுமை.

"ஏன் மச்சான், எங்கடை பேர் இன்னும் வெட்டேல்லை?"

கேட்டுவிட்டார். நான் அண்ணையைப் பார்த்தேன், கும்பிடாத குறையாகப் பார்த்தேன். அவன் சொல்லிவிட்டான். ஒன்றையும் கூட்டாமல், ஒன்றையும் குறைக்காமல், பெனியன் கழற்றியது, துணியில் எழுதியது, சனம் கல்லெறிந்தது, கோப்பை போனது எல்லாம். நான் ஓடியதை மட்டும் சொல்லவில்லை. சனம் பிழையாக விளங்கி ஓடியது என்று பொதுவாகச் சொன்னான்.

என் மனுசன் கோப்பையை நிலத்தில் வைத்தார். முகம் கறுத்துப்போயிற்று.

"ஆர் உன்னைக் கேட்டது?" என்றார். "எனக்காகக் குந்தியிருந்தனியோ? நான் அங்கை இந்த ஆட்டத்திலை உசிரைப் பிடிச்சுக்கொண்டு கிடக்கிறன், நீ இஞ்சை ஆட்டத்தையே இல்லாமல் பண்ணிப்போட்டு எனக்காக எண்டுறாய்!"

அவர் விரலால் சுவரில் இரண்டு தட்டுத் தட்டினார். பிறகு சத்தம் குறைந்த குரலில் கேட்டார்: "நான் செத்துப்போனன் எண்டோ மச்சான் நினைச்சனீங்கள்?"

"இல்லை மச்சான்," என்றான் அண்ணை. "செத்தவனை விடச்சொல்லி ஆர் கேப்பான்? நீ இருக்கிறாய் எண்டுதான் நாங்கள் இருந்தனாங்கள்."

அவர் தலையை ஆட்டினார். அந்தப் பதில் அவருக்குள் போய் இறங்குவதைப் பார்த்தேன். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"நீ?"

ஊர்ச் சனத்தை வாசலில் நின்று துரத்தியவள் நான். அந்தோனியாரோடு பேரம் பேசியவள் நான். ஆனால் கிழவி ஒருத்தியின் ஒரு சொல்லுக்குக் கொண்டையை அவிழ்த்துப்போட்டு, எல்லாருக்கும் முதல் தண்ணீருக்கு ஓடியவளும் நான்தான். அவர் இருக்கிறார் என்று நம்பி இருந்தவன் அண்ணை. இல்லை என்று நம்பி ஓடியவள் பெண்சாதி.

"எனக்குத் தெரியும் நீங்கள் வருவியள் எண்டு," என்றேன். "ஒருநாளும் வேறை மாதிரி நினைக்கேல்லை."

"ஓமோ மச்சான்?" என்று அவர் அண்ணையைக் கேட்டார். சும்மா, சிரித்துக்கொண்டுதான் கேட்டார்.

கேட்டால் உள்ளதைச் சொல்லுவேன் என்று காலையில் சொன்னவன், என் கொண்டை ஊசியை மணலில் இருந்து பொறுக்கியவன், நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தான்.

"ஓம் மச்சான்," என்றான்.

அன்றிலிருந்துதான் நான் அவன் முகத்தைப் பார்ப்பதில்லை.